சிமெண்ட் வைத்தது ஒரு எலும்புக்கு, மற்றவற்றுக்கு யார் பொறுப்பு?

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ரிட்டயர் ஆனவன். எலும்பு பற்றி நான் பேச வந்ததற்குக் காரணம் என் அக்கா. தேன்கனிக்கோட்டையில் இருக்கிறார், வயது 69. இரண்டு வருடமாக அவருடைய ஃபைலைச் சுமந்துகொண்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் அலைந்ததில் கொஞ்சம் படித்தேன், டாக்டர்களிடம் நிறையக் கேட்டேன். இன்று சொல்வதெல்லாம் உங்கள் டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளுக்கான தயாரிப்பு, அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு யாரும் தானாக மாத்திரையைத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

அக்கா கீழே விழவில்லை. தண்ணீர் நிறைந்த பக்கெட்டைக் குனிந்து தூக்கினார், முதுகில் 'சுரீர்' என்றது. வாயுப் பிடிப்பு என்று பத்து நாள் தைலம் தேய்த்தார்கள். பிறகு எக்ஸ்ரே எடுத்தால், முதுகெலும்பில் ஒரு கட்டை முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. வலி குறையாததால் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் எலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் வெர்டிப்ரோபிளாஸ்டி செய்தார்கள். மறுநாளே எழுந்து நடந்தார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஐந்தாவது மாதம், பூஜை அறையில் குனிந்து கோலம் போட்டபோது அடுத்த கட்டையும் நசுங்கியது.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். அறுவை சிகிச்சை பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. எலும்புத் தேய்மானத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, கால்சியம் மாத்திரை ஒரு மாதம் என்று ஒரே ஒரு வரி. அக்காவின் பையன் என்னைக் கேட்டான், "மாமா, ஆபரேஷன்தான் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு ஊசி மாத்திரை?" நம் வீடுகள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்விதான் இருக்கிறது. அதனால் இன்றைய பேச்சு முழுக்க அதற்கான பதில்தான்.

கழுத்திலிருந்து இடுப்பு வரை நமக்கு அசையும் முள்ளெலும்புகள் 24. சிமெண்ட் வைத்தது அதில் ஒன்றுக்கு. மீதி 23-ம் அதே வயது, அதே ரத்தம், அதே தேய்மானம். நசுங்கிய எலும்பைச் சரிசெய்கிறார்களே தவிர, நசுங்க வைத்த நோயை யாரும் தொடவில்லை.

இந்த சிமெண்ட் முறையை முதன்முதலில் 1984-இல் பிரான்ஸில் அமியென் நகரத்தில் செய்தார்கள். அப்போது அது எலும்புத் தேய்மானத்துக்காக இல்லை, முதுகெலும்பில் வந்த ஒரு ரத்தநாளக் கட்டிக்காக. பிறகுதான் நசுங்கிய எலும்புகளுக்கும் பரவியது. பலூனை உள்ளே விட்டு உயர்த்திவிட்டு சிமெண்ட் வைப்பது கைஃபோபிளாஸ்டி. 2009-இல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வந்தன. உண்மையில் சிமெண்ட் வைத்தவர்களுக்கும், வைத்த மாதிரி செய்து ஊசி மட்டும் போட்டவர்களுக்கும் வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை என்றன. அன்றிலிருந்து டாக்டர்களுக்குள்ளேயே விவாதம் ஓடுகிறது. தாங்க முடியாத வலியில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர் எழுந்து நடப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான், அதனால் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சிமெண்ட், அடுத்த எலும்பு முறிவதைத் தடுக்காது.

சிமெண்ட் கெட்டியாக இருப்பதால்தான் பக்கத்து எலும்பு நசுங்குகிறது என்று சிலர் சொல்வார்கள். அது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. சிமெண்ட் வைக்காமல் பெல்ட் மட்டும் போட்டு ஆறியவர்களுக்கும் அடுத்த முறிவு வரத்தான் செய்கிறது. 2001-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, முதுகெலும்பு ஒருமுறை நசுங்கிய பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரே வருடத்துக்குள் இன்னொன்று நசுங்குகிறது என்று கணக்குக் காட்டியது. ஸ்குரூ, ராடு போட்டு முதுகெலும்பை இணைத்தவர்களுக்கும் இது பொருந்தும். எலும்பு பலவீனமாக இருந்தால் ஸ்குரூ தளர்வதும் உண்டு, இணைத்த இடத்துக்கு மேலே முறிவதும் உண்டு. ஆகவே முதல் வருடம்தான் அபாயமான வருடம். அந்த வருடத்தைத்தான் நாம் "ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று சொல்லி வீணாக்குகிறோம்.

இது வெள்ளைக்காரர்கள் வியாதி, நம் ஊரில் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள், மாதவிடாய் நின்ற, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த 150 பெண்களைப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு எலும்புத் தேய்மானம், பாதிப் பேருக்கு வைட்டமின் டி குறைவு. இத்தனைக்கும் அவர்கள் வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்க்காரர்கள். நாம் லிஃப்டில் இறங்கி, பேஸ்மெண்டில் கார் ஏறி, ஆபீஸ் பேஸ்மெண்டில் இறங்குகிறவர்கள்.

இனி மருந்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இரண்டு சோதனை. லேசான காரணத்தில் முதுகெலும்பு முறிந்தால், வேறு நோய் ஏதாவது பின்னால் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். தைராய்டு, பாராதைராய்டு, சிறுநீரகம், மைலோமா என்கிற ஒரு வகை ரத்தப் புற்றுநோய் எல்லாம் இப்படித் தலைகாட்டக்கூடும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆண்களுக்கு முறிவு வந்தால் இந்தத் தேடல் இன்னும் முக்கியம். 'இது பொம்பளைங்க வியாதி' என்று எந்த ஆணும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

இரண்டாவது டெக்சா ஸ்கேன். அதில் வரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபொரோசிஸ் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பக்கெட் தூக்கி முதுகெலும்பு முறிந்தவருக்கு ஸ்கோர் மைனஸ் 1.8 என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. முறிவே நோய்க்கு அத்தாட்சி. இன்னொன்று, சிமெண்ட் வைத்த எலும்பு ஸ்கேனில் ரொம்ப அடர்த்தியாகத் தெரியும், சராசரியைப் பொய்யாக உயர்த்திவிடும். அதை விட்டுவிட்டு மற்ற எலும்புகளைக் கணக்கெடுக்கச் சொல்ல வேண்டும். ஸ்கேன் எடுப்பவருக்கு நீங்கள் சொன்னால்தானே தெரியும்? இலவச முகாம்களில் குதிகாலை மெஷினில் வைத்து ஒரு எண் சொல்வார்கள். அதை வைத்து மருந்து தொடங்கவோ நிறுத்தவோ முடியாது.

மருந்துகளில் நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது நான்கு.

அலெண்ட்ரோனேட், வாரம் ஒரு மாத்திரை. 1996-இல் வந்த ஆய்வில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த பெண்களிடம் மூன்று வருடத்தில் புது முறிவு 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். காபியில் கூடாது, பாலில் கூடவே கூடாது. அரைமணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துத் தூங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும். எரிச்சல் வந்து மருந்தையே விட்டவர்களை விசாரித்தால் பல சமயம் இந்த விதியை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜோலெட்ரானிக் ஆசிட், வருடத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ். 2007 ஆய்வில் மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவு 10.9 சதவீதத்திலிருந்து 3.3 ஆனது. முதல் தடவை போட்டதும் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம். அதற்குப் பயந்து அடுத்த வருடம் போகாமல் இருந்துவிடாதீர்கள், இரண்டாவது தடவை பெரும்பாலும் அவ்வளவு இருக்காது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இதைப் போட மாட்டார்கள், முன்னதாக கிரியேட்டினின் பார்ப்பார்கள்.

டெரிபாரடைட், தினமும் வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கொள்ளும் ஊசி. மற்றவை எலும்பு கரைவதைத் தடுக்கும், இது புதிதாகக் கட்டும். முறிவு பல இடத்தில் இருந்தால், ஸ்கோர் ரொம்பக் கீழே இருந்தால் இதைத்தான் முதலில் யோசிப்பார்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் இல்லை. பொதுவாக இரண்டு வருடம்வரை. முடிந்ததும் சும்மா இருந்தால் கட்டிய எலும்பு கரையத் தொடங்கிவிடும், உடனே மேலே சொன்ன மருந்துகளில் ஒன்றைத் தொடர வேண்டும். இரண்டு வருடம் செலவழித்துக் கட்டிய வீட்டுக்குக் கூரை போடாமல் விடுவது போலத்தான் அது.

நான்காவது டெனோசுமாப், ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மருந்து நல்ல மருந்து. 2009 ஆய்வில் முதுகெலும்பு முறிவு 7.2 சதவீதத்திலிருந்து 2.3 ஆனது. ஆனால் ஊசியின் வேலை ஆறு மாதத்தோடு சரி. அதன்பின் அதுவரை அடங்கியிருந்த கரைப்பு, இரண்டு மடங்கு வேகத்தில் கிளம்பும். சிலருக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று முள்ளெலும்புகள் நசுங்கும் அளவுக்கு. அதனால் இந்த ஊசியின் டியூ டேட் மின்சார பில் டியூ டேட் மாதிரி இல்லை, அபராதம் கட்டித் தீர்க்க முடியாது. ஆறு மாதம் முடிந்து நான்கு வாரத்துக்குள் எப்படியாவது போட்டாக வேண்டும். ஏதோ காரணத்தால் நிறுத்தத்தான் வேண்டும் என்றால், அதற்குப் பதில் இன்னொரு மருந்தை எப்போது தொடங்குவது என்று டாக்டர் முடிவு செய்த பிறகே நிறுத்த வேண்டும். வெளிநாட்டில் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் இந்தத் தேதியைப் பாருங்கள்.

இந்த மருந்துகளைப் பற்றி வாட்ஸ்அப்பில் இரண்டு பயம் சுற்றுகிறது, தாடை எலும்பு அழுகும், தொடை எலும்பு உடையும் என்று. இரண்டும் உண்மையில் உள்ளவை, ஆனால் அரிது. முறிவு ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு அடுத்த முறிவின் அபாயம் அவற்றைவிடப் பல மடங்கு பெரியது. பல் பிடுங்கும் வேலை இருந்தால் மருந்து தொடங்குவதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள், பல் டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். பல வருடம் சாப்பிட்டவருக்குத் தொடையிலோ கவட்டையிலோ காரணமில்லாமல் வலி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து வருடம் கழித்து மாத்திரைக்கு இடைவெளி விடலாமா என்பதை அவர் பார்ப்பார். டெனோசுமாப்புக்கு மட்டும் அப்படி ஒரு லீவு கிடையாது.

கால்சியமும் வைட்டமின் டி-யும் இந்த மருந்துகளுக்கு அஸ்திவாரம், மாற்று இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் என்று 2020-இல் ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைத்தது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம். தமிழில் களி, கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கட்டி, நம் மூன்று பிளாக்கிலும் மூன்று பெயர். ஆனால் இளையவர்கள் ஓட்ஸுக்குப் போய்விட்டார்கள், பெரியவர்கள் 'கஷ்டகாலச் சாப்பாடு' என்று ஒதுக்கிவிட்டார்கள். கேழ்வரகின் கால்சியம் முழுதும் உடம்பில் சேராது என்பதும் உண்மை, முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். கூடவே பால், தயிர், எள், கீரை, பருப்பு. முட்டை சாப்பிடுகிறவர்கள் சாப்பிடுங்கள், புரதம் இல்லாமல் எலும்பு நிற்காது. கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வைட்டமின் டி 60,000 யூனிட் சாஷேயை எட்டு வாரத்துக்கு எழுதியிருந்தால் எட்டு வாரம்தான். வாராவாரம் வருடக்கணக்கில் குடித்தால் விஷமாகும்.

அடுத்து குனிவது. மருந்துக்குச் சமமாக இதை நான் வைக்கிறேன். 1984-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முதுகெலும்புத் தேய்மானம் உள்ள 59 பெண்களுக்கு விதவிதமான பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குப் புது முறிவு. முன்னால் வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம். எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களிலேயே 67 சதவீதம்தான். ஒவ்வொரு குழுவும் சின்னது, வளைந்தவர்கள் ஒன்பது பேர்தான், அதனால் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை தெளிவு. உடம்பு முன்னால் வளையும்போது எடை முழுதும் முள்ளெலும்பின் முன் விளிம்பில் இறங்குகிறது, அந்த விளிம்புதான் நசுங்குகிறது.

நம் கிளப் ஹவுஸில் காலை யோகா வகுப்பு நடக்கிறது, நானும் போகிறேன். யோகாவைக் குறை சொல்லவில்லை. எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம், சூரிய நமஸ்காரத்தில் குனியும் நிலைகள், ஹலாசனம் இவற்றை விட்டுவிடுங்கள். உடம்பைச் சட்டென்று முறுக்கித் திரும்பவும் வேண்டாம். மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் வேறு கொடுப்பார். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் முதுகு நிமிர்த்தும் பயிற்சி, நடை, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, இவை போதும். அறுவை சிகிச்சைக்குப் பின் எப்போது தொடங்கலாம் என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். வாரக்கணக்கில் படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் கரையும்.

வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேன் தூக்கி மாட்டுவது முதல் எதிரி. 20 கிலோ. கீழே வைத்தே பம்ப் போட்டு எடுங்கள். கேன் போடும் பையனே மாட்டித்தருவான், சங்கத்தில் சொல்லிவைத்திருக்கிறோம். சிலிண்டரை உருட்டாதீர்கள். கீழே விழுந்ததை எடுக்க முழங்காலை மடக்கி இறங்குங்கள், இடுப்பை மடக்காதீர்கள். பேரன் பேத்தியைத் தரையிலிருந்து தூக்க வேண்டாம், நீங்கள் சோபாவில் உட்கார்ந்தால் அவர்களே ஏறி வருவார்கள். கோயிலில் விழுந்து கும்பிடுவதற்குப் பதில் நின்று கும்பிட்டால் சாமி கோபிக்காது என்று அக்காவுக்கு நான் உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் கடைசி சீட் வேண்டாம், தளி ரோட்டு வேகத்தடைகள் உங்களுக்கே தெரியும். பாத்ரூமில் கைப்பிடி, ராத்திரி விளக்கு, கண் பரிசோதனை, தூக்க மாத்திரை தேவையா என்று ஒரு கேள்வி. இவையெல்லாம் எல்லோரும் கேள்விப்பட்டவைதான்.

நம் ஊருக்கு என்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. அறுவை சிகிச்சை பெங்களூரில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஓசூரில், ஸ்கேன் எங்கே அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கிறதோ அங்கே. ஜூஜூவாடியைத் தாண்டினால் மாநிலம் வேறு, பெரும்பாலும் காப்பீட்டு அட்டையும் வேறு. எலும்பைச் சரிசெய்த டாக்டர், தேய்மானத்தைக் குடும்ப டாக்டர் பார்ப்பார் என்று நினைக்கிறார். குடும்ப டாக்டர், சர்ஜன் பார்த்திருப்பார் என்று நினைக்கிறார். இருவர் மீதும் குற்றமில்லை, ஆனால் கணக்கு யார் லெட்ஜரிலும் இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1999-இல் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 50 வயதுக்கு மேல் எலும்பு முறிந்து யார் வந்தாலும் ஒரு நர்ஸ் அவர்களைப் பட்டியலிட்டு, ஸ்கேன், மருந்து, அடுத்த தேதி எல்லாவற்றையும் தொடர்ந்து விசாரிப்பார். இப்போது பல நாடுகளில் அது ஒரு சேவையாகவே நடக்கிறது. உங்கள் மருத்துவமனையில் அப்படி ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் வீட்டில் ஒருவர் அந்த நர்ஸ் ஆக வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: "டாக்டர், இவங்களுக்கு எலும்புத் தேய்மானத்துக்கு யார் மருந்து எழுதுவாங்க, நீங்களா, இல்ல எண்டோகிரைனாலஜிஸ்ட்கிட்ட போகணுமா?" பதிலை சம்மரியில் எழுதி வாங்குங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் மருந்தின் பெயர், போட்ட தேதி, அடுத்த தேதி, எந்த எலும்பில் சிமெண்ட் என்று எழுதிவையுங்கள். ஊசித் தேதியை இரண்டு பேருடைய போனில் போடுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். அதில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அக்காவுக்கு இப்போது ஊசி ஆரம்பித்து பதினான்கு மாதம். மூன்றாவது முறிவு வரவில்லை. கோலம் மருமகள் போடுகிறார், அக்கா நின்றுகொண்டு திருத்தம் சொல்கிறார்.

கடைசியாக ஒன்று. முதுகெலும்பு நசுங்கல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் டாக்டர் கண்ணுக்கே வருகிறது. மற்றவை 'வயசாச்சு, கூன் விழுந்துடுச்சு' என்று போய்விடுகின்றன. உயரம் அதைக் காட்டிக்கொடுக்கும். இளமையில் இருந்த உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ, போன அளவிலிருந்து 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ ஒரு எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். பழைய உயரம் ஞாபகம் இல்லாதவர்கள் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ தேடுவதை விட்டுவிட்டு வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல் சர்டிபிகேட்டைப் பாருங்கள். கிளப் ஹவுஸ் வாசல் சுவரில் அளவு நாடா ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் நோட்டும் பேனாவும் இருக்கும். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் படும்படி நில்லுங்கள். நீங்களே அளக்காதீர்கள், வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். போகும்போதே முடித்துவிட்டுப் போகலாம், டீ வர இன்னும் பத்து நிமிடம் ஆகும்.